விளக்கவுரைகள் குடியேறிய ஊர்

கிருபாசனபுரத்தில் கடுகு டப்பா மூடி முதல் கோயிலை நடத்துகிற சேகரக் கமிட்டியின் அறைக் கதவு வரைக்கும் எல்லாவற்றின் மேலும் ஏன் எழுத்து இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், லீதியாள் வேதப்புத்தகத்தை வெயிலில் காயப்போட்டதால் வந்தது என்று சொல்லுவோம். அதற்கு மேல் அவர்கள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. கேட்டிருந்தால், அது ஒரு புத்தகம் இல்லை மூன்று என்பதையும், மூன்றில் எதை வாங்குவது என்று தெரியாமல்தான் அவள் மூன்றையும் கொண்டுவந்தாள் என்பதையும், அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் முழு வேதாகமமே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்போம்.

எங்கள் பெண்கள் சங்கத்தில் வேதாகமத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு புஸ்தகம் எடுத்துப் படிப்போம். தலைப்புகளைச் சீட்டுச் சீட்டாக எழுதி, சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்கி, ஜெபம் பண்ணி ஆளுக்கு ஒன்று எடுப்போம். எடுத்த தலைப்பில் அவரவருக்கு உரிய ஞாயிற்றுக்கிழமையில் எழுந்து நின்று பேசவேண்டும். அந்த வருஷம் யோபுவின் புஸ்தகம். லீதியாளின் சீட்டில் 'யோபுவின் மனைவி' என்று இருந்தது. அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். யோபுவின் பத்துப் பிள்ளைகளும் செத்தபிறகு, 'தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்' என்று அவனிடம் சொன்னவள் அந்த மனைவி.

"வேணும்னா மாத்திக்கிடுவோம் லீதியா," என்றார் ஐயரம்மா, அதாவது நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிற எங்கள் குருவானவரின் மனைவி. "எனக்கு ஒட்டகமும் ஆடும்தான் விழுந்திருக்கு. லேசுதான்."

"விழுந்தது விழுந்ததுதான ஐயரம்மா," என்றாள் லீதியாள்.

ஐயரம்மா ஊருக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது என்றாலும் அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு: இறந்தவரின் வேதப்புத்தகத்தை அவர் நெஞ்சின் மேல் வைத்தே பெட்டியை மூடுவோம், திடப்படுத்தல் பெற்று நற்கருணை எடுக்கிற வயது வராத சிறு பிள்ளைகளுக்கென்று சொந்தப் புத்தகம் இருக்காது என்பதால், பிள்ளை இறந்தால் வீட்டின் பெரிய புத்தகமே பெட்டிக்குள் போகும். லீதியாளின் மகள் சுகிர்தா எட்டு வயதில் மூளைக்காய்ச்சலில் போனபோது, பிறந்தநாளும் கல்யாண நாளும் எழுதிய அந்த வீட்டின் ஒரே புத்தகத்தை அவள் புருஷன் தங்கையா தன் கையால் உள்ளே வைக்க, கல்லறைத் தோட்டத்தில் ஊரே நிற்க, அப்போது இருந்த ஐயர் ஜெபத்தை முடிக்கும் முன்னால் லீதியாள் சொன்னாள்: "ஆண்டவர் புஸ்தகந்தான, அவர்கிட்டயே போகட்டும். இனி நமக்கும் அவருக்கும் ஒண்ணுமில்ல."

அதைச் சொன்னவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலுக்கு வந்துவிட்டாள். கடைசி வரிசையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கையில், பிள்ளை கிடந்த ஆஸ்பத்திரி வார்டில் யாரோ இலவசமாகக் கொடுத்துப்போன உள்ளங்கை அகல புதிய ஏற்பாடு. அதற்குப் பிறகு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, படித்து, சென்னைக்கும் துபாய்க்கும் போனபிறகும் அவளிடம் அந்தச் சின்னப் புத்தகம்தான். பழைய ஏற்பாட்டுக்காரனான யோபு அதில் இல்லை.

எனவே சீட்டு விழுந்த மறுவாரம் லீதியாள் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறி, வேதப்புத்தகக் கடைக்குப் போய், "விளக்கம் போட்ட பைபிள் வேணும்," என்று நின்றாள். கடைக்காரர் மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார். முதலாவது கறுப்புத் தோல் அட்டை, ஜிப் வைத்தது, பக்கத்தில் பாதிக்குப் பொடி எழுத்தில் விளக்கம். இரண்டாவது சிவப்பு அட்டை, தடித்த எழுத்து, படமும் வரைபடமும் உண்டு. மூன்றாவது பழுப்பு அட்டை, ஒல்லியானது. அதில் விளக்கமே குறைவு, இருக்கிறதும் சாய்வெழுத்தில் ஒரு வரி, ஒன்றரை வரி.

"எதை எடுக்கட்டும் தம்பி?"

"பொதுவா ஒரு பகுதியை எடுத்து மூணுலயும் ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுவேன் சிஸ்டர். உங்களுக்குப் பிடிச்ச பகுதி எது?"

"பிடிச்ச பகுதி இல்ல. யோபுவோட பெஞ்சாதியப் பத்தி எதுல போட்டிருக்கு?"

கடைக்காரர் முப்பது வருஷமாக அந்த மேஜைக்குப் பின்னால் நிற்பவர். தீர்க்கதரிசனத்தைக் கேட்டு வந்தவர்கள் உண்டு, ஆசீர்வாதத்தைக் கேட்டு வந்தவர்கள் உண்டு, இதைக் கேட்டு யாரும் வந்ததில்லை. "பாருங்க," என்று புத்தகத்தைத் திறக்கப்போனார். லீதியாள் அட்டையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "இங்க வேண்டாம்."

அவர் அவள் கையைப் பார்த்தார். "மூணையும் கொண்டுபோங்க சிஸ்டர். ஒண்ணை வச்சிக்கிட்டு ரெண்டைத் திருப்பிக் குடுங்க. அவசரமில்ல."

திரும்பும் வழியில் மழை. பஸ்ஸின் ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்ள, மடியில் இருந்த பை நனைந்து, மூன்று புத்தகங்களின் ஓரமும் ஈரம் கோத்துவிட்டது. திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளாயிற்றே என்று பதறிய லீதியாள், மறுநாள் காலை பதினோரு மணிக்கு வெயில் தெளிந்ததும், மொட்டைமாடியில் ஓலைப்பாயை விரித்து மூன்றையும் நடுவில் திறந்து வைத்து, பறக்காமல் இருக்க அம்மிக்குழவியையும் இரண்டு தேங்காயையும் மேலே வைத்துவிட்டுக் கீழே போனாள். வண்டு விழுந்த அரிசியை வெயிலில் கொட்டினால் அரிசி கிடக்க வண்டு மட்டும் கிளம்பிப் போகும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அது விளக்கவுரைக்கும் பொருந்தும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு மணிக்கு அவள் வந்து பார்த்தபோது வசனங்கள் வசனங்களாகவே இருந்தன. பக்கங்களின் கீழ்ப்பாதி மட்டும் சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. கடைசி வரி ஒன்று மாடிச் சுவரின் கைப்பிடியைத் தாண்டி, அவசரமில்லாமல், கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் விளக்கவுரைகள் எல்லாம் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கடுகைப் பற்றியது லீதியாளின் நாத்தனார் கிளாடிஸ் வீட்டுக் கடுகு டப்பாவின் மூடியில் உட்கார்ந்து, அந்த நாட்டுக் கடுகு வேறு வகை, ஆள் உயரத்துக்கு வளரும் என்று சொன்னது. உப்பைப் பற்றியது பலசரக்குக் கடையின் உப்புச் சாக்கில். காணாமல்போன ஆட்டைப் பற்றியது கிடையில் உள்ள எந்த ஆட்டிலும் இல்லாமல், ஒரு மாசத்துக்கு முன்னால் ஓடிப்போன வெள்ளாட்டைக் கட்டியிருந்த முளைக்குச்சியில். ஊரில் ஒட்டகம் கிடையாது என்பதால் அதற்குரிய விளக்கம் மூன்று நாள் ஊருக்கு வெளியே தேரியின் செம்மணலில் அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் பஞ்சாயத்துத் தண்ணீர் லாரியைக் கண்டு அதில் ஏறிக்கொண்டது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிப்போன நல்ல சமாரியனைப் பற்றியது ஆட்டோ ஓட்டுகிற சுடலைமுத்துவின் பின் கண்ணாடியில் போய் ஒட்ட, அவன் லீதியாளை வழிமறித்து, "சித்தி, ஏதோ உங்காள் எழுத்து ஏறிக்கிட்டு. போலீஸ் பிடிக்குமா?" என்று கேட்டான்.

"நல்லதுதான்டா போட்டிருக்கு. அழிக்காத."

"நல்லதுன்னா கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, பிரசவத்துக்கு ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போனான்.

மாயக்காரர் என்று இயேசு திட்டிய பரிசேயர்களைப் பற்றிய விளக்கம் எங்கே போய் விழுமோ என்று ஊரே இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. அது கமிட்டி அறைக் கதவின் உள்பக்கத்தில் இருப்பதை மூன்றாம் நாள், கோயிலைத் திறந்து கூட்டி மணியடிக்கிற கோயில்குட்டி கண்டுபிடித்தார். கமிட்டிக்காரர்கள் கூடி, கதவை எப்போதும் திறந்தே வைப்பது, அப்போது அந்தப் பக்கம் சுவரைப் பார்த்திருக்கும், என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஐயர் பேராயத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வருடாந்தர அறிக்கையில் 'இதர விசேஷங்கள்' என்ற தலைப்பில் சேர்க்கும்படி பதில் வந்தது. டிசம்பரில் வீடுகளுக்கு வெள்ளையடித்தபோது, மாமரத்தைச் சுற்றித் திண்டு கட்டுவதுபோல எழுத்துகளைச் சுற்றி அடித்தார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கீழ்ப்பாதி வெறுமையான மூன்று புத்தகங்களும் இப்போது உள்ளே ஒன்றுபோலவே இருந்தன. எதை வைத்துக்கொள்வது? ஆனால் எழுத்து மூன்று வகை என்பதால் ஊரைச் சுற்றிப் பார்த்தாலே ஒப்பிட்டுவிடலாம் என்று கிளாடிஸ் சொல்ல, லீதியாளுக்காக ஊர் முழுக்க வாசிக்க ஆரம்பித்தது. அத்திமரத்தடியில் மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டுவரும் வாத்தியார்கள் நின்று ஒப்பிடுவார்கள். ஐயருக்குப் பொடியெழுத்து பிடித்தது, மூலமொழியில் என்ன சொல் என்றெல்லாம் அது சொல்லும். கோயில்குட்டிக்குத் தடியெழுத்து, கண்ணாடி போடாமல் வாசிக்கலாம். சாய்வெழுத்துக்கு ஆள் கிடையாது. அது பாதி இடத்தில் இருக்காது, இருந்த இடத்திலும் 'இதன் பொருள் உறுதியாகத் தெரியவில்லை' என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

"இதச் சொல்லவா ஒரு புஸ்தகம்?" என்றார் கோயில்குட்டி. "தெரியலன்னு நானே சொல்லுவேனே, அட்டை போடாம."

லீதியாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தினமும் ஒரு தெருவாக நடந்து, யோபுவைப் பற்றியவற்றைத் தேடினாள். அவனுடைய ஆடுகளைப் பற்றியது கிடையில் இருந்தது. அவன் பிறந்த நாளைச் சபித்ததைப் பற்றியது, அன்றைக்குப் பிறந்தநாள் கொண்டாடிய வீட்டின் கேக் பெட்டியில். அவனுடைய மூன்று சிநேகிதர்களைப் பற்றியவை டீக்கடை பெஞ்சில், வரிசையாக. மனைவியைப் பற்றியது மட்டும் எங்குமே இல்லை.

எங்கே இருந்தது என்பது முதலில் தங்கையாவுக்குத்தான் தெரிந்தது. மோட்டார் காயில் கட்டுகிற தொழில் அவருக்கு; குனிந்த தலை நிமிராமல் செம்புக் கம்பி சுற்றுகிறவர், பேச்சும் அவ்வளவுதான். துணி காயப்போடக் கை தூக்கிய மனைவியின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, பொடியெழுத்தும் அதன் கீழே தடியெழுத்தும் இருப்பதைக் கண்டார். வாசித்தார். அன்று முழுக்க ஒரு காயிலும் கட்டவில்லை. சாயங்காலம் மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு வந்து, "முதுகுல கிரீஸ் பட்டிருக்கு," என்றார்.

"எனக்கு எங்கேருந்து கிரீஸ்?"

"நில்லேன்."

அவள் நின்றாள். அழியவில்லை. சேலையை மாற்றினால் எழுத்து மாற்றிய சேலைக்கு வந்தது. மறுநாளும் கிரீஸ் என்றார், அதற்கு மறுநாள் சுண்ணாம்பு என்றார். நாலாம் நாள் கிளாடிஸின் வீட்டுக்குப் போய், தங்கச்சியின் முன்னால், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அழாத அழுகையை அழுதார்.

கிளாடிஸ் அன்று ராத்திரியே சங்கத்துப் பெண்களை வீடுவீடாகப் போய்ப் பார்த்தாள். மறுநாளிலிருந்து லீதியாள் குழாயடிக்குப் போனால் பின்னாலேயே ஒருத்தி குடத்தோடு போனாள். ரேஷன் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்க அடிதடி ஆனது. பஸ்ஸில் பின்சீட்டுக்காரியாக ஒருத்தி ஏறிக்கொண்டு, ஜன்னல் காற்று ஆகவில்லை என்று தன் முந்தானையை லீதியாளின் தோள்மேல் இழுத்துப் போட்டாள். கோயிலில் மட்டும் பயமில்லை, கடைசி வரிசையில் அவளுக்குப் பின்னால் சுவர்தான். பதினேழு பெண்கள் முறைபோட்டு நடந்த நடை அது. ஒருவர்கூட வெளியே சொல்லவில்லை, பொதுவாக எங்கள் ஊரில் எதையும் சொல்லாமல் இருக்க ஆள் கிடைக்காது. 'அந்தத் தலைப்பை மாத்திருவோம் மைனி' என்று மட்டும் கிளாடிஸ் தினம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சங்கம் கூடுகிற பள்ளி அறையில் எழுந்து நின்று பேசுகிறவள் கரும்பலகைப் பக்கம் ஒருமுறையாவது திரும்புவாளே.

லீதியாள் பேசவேண்டிய ஞாயிறு வந்தது. மத்தியானம் மூன்று மணி, கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளி அறை. லீதியாள் மூன்று புத்தகத்தையும் மேஜைமேல் திறந்து வைத்தாள். தங்கையா ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், பழுதாகாத ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புஸ்தகத்துல எதை வாங்கணும்னு கேட்டு உங்களையெல்லாம் ரொம்ப நடக்க வச்சிட்டேன்," என்றாள் லீதியாள். "இதுல பாக்க ஒண்ணுமில்ல, எல்லாம் வெள்ளையாக் கிடக்கு. நான் பேசவேண்டியது என் முதுகுலதான் இருக்கு."

கிளாடிஸ் ஐயரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீகளா? இருபத்தாறு வருஷமா எனக்கு முன்னாலயே நடந்த பொம்பளைக எல்லாம் ஒரே நாள்ல பின்னால நடந்தா, மாட்டுக்குக்கூடத் தெரியும். கிளாடிஸ், வந்து வாசி."

"மைனி, வேண்டாம்."

"சீட்டு எனக்கு விழுந்திருக்கு. வாசி."

அவள் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கிளாடிஸ் எழுந்து வந்தாள். பொடியெழுத்தை, பரீட்சையில் தோற்றவளின் குரலில் வாசித்தாள்: "'இவள் சாத்தானின் கையாள். பிள்ளைகள் யாவரையும் எடுத்துக்கொண்டவன் இவளை மட்டும் விட்டுவைத்தது இதற்காகவே.'"

"ம்."

"'விசுவாசத்தில் தளர்ந்து, வாய் காவாத பெண்களுக்கு இவள் ஓர் எச்சரிக்கை.' இது தடியெழுத்து. அவ்வளவுதான் மைனி. உக்காருங்க."

"புஸ்தகம் மூணுல்லா?" என்றாள் லீதியாள், திரும்பாமல்.

கிளாடிஸ் குனிந்து பார்த்தாள். இடுப்புக்குச் சற்று மேலே, சேலை மடிப்புக்குள் பாதி மறைந்து, சாய்வெழுத்தில் இரண்டு வரி இருந்தது. மேலே உள்ளதை மறைக்கிற அவசரத்தில் பதினேழு பேரில் ஒருவரும் அதை வாசித்திருக்கவில்லை. தங்கையாவும் வாசிக்கவில்லை. கிளாடிஸ் மடிப்பை விரலால் நீவிவிட்டு, மனசுக்குள் ஒருமுறை வாசித்து, பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"'இறந்த பத்துப் பேரும் இவளுக்கும் பிள்ளைகள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இவளிடம் ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை.'"

வெளியே ஸ்பேனர் சத்தம் நின்றது. கல்லறைத் தோட்டத்திலிருந்து அன்றைக்கு வீடுவரைக்கும் வந்தவர்களில் ஒன்பது பேர் அந்த அறையில் இருந்தோம். வந்தோம், தங்கையாவின் கையைப் பிடித்து அழுதோம், ஐயர் சொல்லச் சொல்ல ஜெபித்தோம், எட்டாம் நாளும் போனோம். உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளின் வாசலில் ஒருத்தியும் நிற்கவில்லை. அப்படி ஒரு வார்த்தை சொன்னவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்று பிற்பாடு எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

"அது எந்தப் புஸ்தகம்?" என்று லீதியாள் கேட்டாள்.

"பழுப்பு அட்டை மைனி. ஒல்லியா இருக்குல்லா, அது."

"அப்ப அதை வச்சிக்கிடுவோம். மத்த ரெண்டையும் அவுக கொண்டுபோய்க் குடுத்துரட்டும்."

மறுநாள் தங்கையா கொண்டுபோய்க் கொடுக்கத்தான் செய்தார். கடைக்காரர் பக்கங்களைப் புரட்டி, கீழ்ப்பாதி வெறுமையாக இருப்பதைப் பார்த்து, "நல்லா வாசிச்சிட்டீங்க போல," என்று மட்டும் சொல்லி அலமாரியில் வைத்தாராம். ஆனால் அது திங்கட்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லீதியாள் இன்னும் கரும்பலகையைப் பார்த்தபடியே நிற்க, ஐயரம்மா முடிவு ஜெபத்துக்குக் கண்ணை மூடப்போகையில், கிளாடிஸ் தன் மைனியின் முதுகில் கையை வைத்தாள். எழுத்தின் மேலேயே வைத்தாள். அப்புறம், செத்த வீட்டில் எவளும் எவளிடமும் முதலில் கேட்கிற அந்தக் கேள்வியை, இருபத்தாறு வருஷம் பிந்திக் கேட்டாள்.

"சுகிர்தாவை எடுத்த அன்னைக்கு நீங்க சாப்பிட்டீகளா மைனி?"

லீதியாள் திரும்பினாள். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள், கணக்கெடுப்பதுபோல இல்லை, ஆள் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"இல்ல கிளாடிஸ்," என்றாள். "கஞ்சி இருந்துது. பிள்ளைக்கு ஆத்தி வச்ச கஞ்சி."

யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். நாங்களும் பெஞ்சுகளை நகர்த்தி, அவளைச் சுற்றி, கிட்டே வந்து உட்கார்ந்தோம்.

"சொல்லுங்க மைனி," என்றாள் கிளாடிஸ்.